டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குக் கட்டுச்சோறு: நெடுநடைக்குப் புதியவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையில் உள்ள ஜயண்ட்ஸ் கப் நடைபாதையில் நான்காம் நாள், முற்பகல் 11 மணி இருக்கும். ஒரு சிறு மேட்டை ஏறுவதற்குக்கூடக் கால்கள் மறுத்துவிட, பாதையோரப் பாறை ஒன்றில் உட்கார்ந்து முதுகுப்பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஏறக்குறைய 3 கிலோ உணவு இருந்தது: அரிசி, துவரம்பருப்பு, நான்கு உருளைக்கிழங்கு, இரண்டு வெங்காயம், ஆயா கட்டிக் கொடுத்த மசாலாப் பொட்டலம். முந்தைய இரவு பருப்பு வேகட்டும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பை எரியவிட்டதில் கேஸ் தீர்ந்துபோயிருந்தது, பருப்பும் வேகவில்லை. முதுகில் 3 கிலோ சுமை, வயிற்றில் பசி, வாயில் போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. எங்களோடு வந்திருந்த அக்கா ஒருவர், எதுவும் பேசாமல், தம் இடுப்புப் பையிலிருந்து வறுத்த நிலக்கடலையும் வெல்லத் துண்டுகளும் ஒரு கைப்பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இருபது நிமிடத்தில் அந்த மேட்டை ஏறிவிட்டேன்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் உணவுத் திட்டம் போடும் வரிசை தலைகீழாக மாறியது. அதற்கு முன் இரவுச் சாப்பாட்டை முதலில் யோசித்து, காலை உணவை அடுத்து யோசித்து, மிஞ்சிய இடத்தில் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டைத் திணிப்பேன். இப்போது நடக்கும்போது கொறிக்கும் தீனியை முதலில் நிறுத்துக் கட்டுகிறேன்; பானை அடுத்துத்தான் வருகிறது. டர்பனிலும் அதன் புறநகர்களான சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருந்து முதன்முறையாகப் பல நாள் நடைக்குக் கிளம்பும் நம்மவர்களுக்காக, அதே வரிசையிலேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பாதை ஜயண்ட்ஸ் கப். சானி கணவாயின் அடிவாரப் பகுதியில் தொடங்கி புஷ்மன்ஸ் நெக்கில் முடியும் இது, தெற்கு டிராக்கன்ஸ்பெர்க்கின் குன்றுகளினூடே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் செல்வது. வழக்கமாக 5 நாள், 4 இரவு. புதியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பல நாள் பாதை குவாசுலு-நட்டால் மாகாணத்தில் குறைவு. வழியில் கடை கிடையாது. அருகிலுள்ள ஊர்களான ஹைம்வில்லிலும் அண்டர்பெர்க்கிலும் வாங்க மறந்ததை அதன்பின் வாங்க முடியாது என்று எண்ணிக்கொண்டு திட்டமிடுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது: நாளை மணிகளாகப் பிரித்தல்

வீட்டில் நாம் நாளை மூன்று வேளையாகப் பிரிக்கிறோம். மலையில் அந்தப் பிரிவு உதவாது. நம் தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 2,000 கலோரி அளவுதான். உடலில் கொழுப்பு ஏராளமாக இருந்தாலும், ஏற்றத்தில் கால் கேட்கும் வேகத்துக்கு அது எரிந்து கொடுப்பதில்லை. காலையில் வயிறுமுட்டச் சாப்பிட்டுவிட்டு மதியம் வரை ஒன்றும் தின்னாமல் சுமையோடு ஏறுபவர், பதினொரு மணிவாக்கில் திடீரென்று சோர்ந்து உட்காருவதற்குக் காரணம் இதுவே. அதற்கு மருந்து, பசிக்கும் முன்பே தின்பது. 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு கைப்பிடி அளவு, அதாவது 150 முதல் 200 கலோரி வரை உள்ளே போக வேண்டும்.

ஒரு நாளில் நின்றும் நடந்தும் 7 மணி நேரம் பாதையில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 175 கலோரி வீதம் ஏறத்தாழ 1,225 கலோரி தீனியிலிருந்தே வர வேண்டும். நடுத்தர உடல்வாகுள்ள ஒருவருக்கு முதுகுச் சுமையோடு நடக்கும் நாளில் 3,000 முதல் 4,000 கலோரி வரை தேவைப்படுகிறது. ஆக, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நாம் ‘சும்மா கொறிக்கிறது’ என்று ஒதுக்கிவிடும் பொருள்களே தருகின்றன. இதை ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்துவிட்டால், கடையில் வண்டியைத் தள்ளும்போது கை தானாகச் சரியான அலமாரிக்குப் போகும்.

தீனிப் பையைக் கட்டுதல்

சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். கண்ணளவு இங்கே ஏமாற்றும். நிலக்கடலையைக் குறைவாகவும் ஓட்ஸை அதிகமாகவும் கட்டிக்கொண்டு வருவது கண்ணளவின் வழக்கமான பிழை. ஒரு நாளுக்கு ஒருவருக்கான என் தீனிப் பை இப்படி இருக்கும்: வறுத்து உப்புப் போட்ட நிலக்கடலை 60 கிராம், எள்ளுருண்டை அல்லது கடலை மிட்டாய் 50 கிராம், உலர்திராட்சையும் பேரீச்சையும் சேர்ந்து 50 கிராம், பொரிவிளங்காய் உருண்டை ஒன்று 50 கிராம், முறுக்கு அல்லது காரச்சேவு 40 கிராம், பில்டாங் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) 30 கிராம். மொத்தம் 280 கிராம்; கலோரி ஏறத்தாழ 1,200.

இதில் பொரிவிளங்காய் உருண்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீண்ட பயணத்துக்கென்றே நம் முன்னோர் கண்டுபிடித்த பண்டத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் மறந்துவிட்டு, கடையில் விலை கொடுத்து எனர்ஜி பார் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. புழுங்கலரிசியையும் பாசிப்பருப்பையும் கடலைப்பருப்பையும் தனித்தனியே சிவக்க வறுத்து அரைத்து, சுக்கும் ஏலமும் சேர்த்து, கெட்டிப் பாகு வைத்த வெல்லத்தில் சூட்டோடு உருட்டினால், கல்லைப் போன்ற உருண்டை கிடைக்கும். கடினம்தான் அதன் சிறப்பு: பையில் நசுங்காது, மழை ஈரத்தில் சட்டென்று ஒட்டாது, வாயில் அடக்கிக்கொண்டால் கால் மணி நேரம் கரைந்துகொண்டே இருக்கும். வீட்டில் செய்யும்போது சேர்க்கும் தேங்காய்ப் பல்லை மட்டும் மலைக்குச் செய்யும்போது விட்டுவிடுங்கள். அது சிக்கு வாடை பிடித்துவிடும். பல் ஆடுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு எள்ளுருண்டை போதும்.

இனிப்பும் உப்பும் சமமாக இருக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் நம்புவதில்லை. வீட்டு மேசையில் கட்டும்போது சாக்லேட்டும் மிட்டாயும் கவர்ச்சியாகத் தோன்றும். மூன்றாம் நாள் வெயிலில் அவற்றைக் கண்டாலே குமட்டும். வியர்வையில் உப்பை இழந்த உடல் முறுக்கைத்தான் தேடும். பில்டாங் கொழுப்புக் குறைந்த, நன்றாக உலர்ந்த துண்டாக இருக்கட்டும். ஈரப்பதம் மிகுந்ததை வாங்கினால் பிளாஸ்டிக் பையில் இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கும். கோடையில் சாக்லேட் உருகுவதால் நான் அதைக் குளிர்காலத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு நாளின் தீனியும் தனித்தனி ஜிப் பையில், மேலே நாளின் எண் எழுதப்பட்டு இருக்க வேண்டும். ஐந்து நாளுக்கானதையும் ஒரே பையில் கொட்டி வைத்தால், முதல் இரண்டு நாளில் முந்திரியும் பேரீச்சையும் காணாமல் போய், ஐந்தாம் நாளுக்கு உடைந்த கடலைத் தோல் மட்டும் மிஞ்சும். அன்றைய பை முதுகுப்பைக்குள் போகக் கூடாது. இடுப்புப் பட்டையின் பாக்கெட்டிலோ, சட்டைப் பையிலோ, நடையை நிறுத்தாமல் கை போகும் இடத்தில் இருக்க வேண்டும். பையை இறக்கித் திறக்க வேண்டியிருந்தால் நாம் சோம்பலால் தின்னாமலே நடந்துவிடுவோம்.

பிறகு பானை: காலை, மதியம், இரவு

மலையின் உயரத்தில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் 1 டிகிரி செல்சியஸ் இறங்கும் என்று கொள்ளலாம். டர்பன் கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், 1,800 மீட்டரில் 94 டிகிரியிலும், டிராக்கன்ஸ்பெர்க் உச்சி விளிம்பின் 3,000 மீட்டரில் 90 டிகிரியிலும் கொதிக்கிறது. பானை தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம். அந்தக் கொதிப்பில் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் எளிதில் வேகாது, வேகும் முன் கேஸ் தீரும். நான் பட்டது இதுதான். எனவே மலைக்கு எடுத்துச் செல்லும் எதுவும் கொதிநீரை ஊற்றி மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் உண்ணத் தகுந்ததாக ஆக வேண்டும் என்பதை விதியாகக் கொள்ளுங்கள். விறகு பொறுக்கி நெருப்பு மூட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம். டிராக்கன்ஸ்பெர்க்கின் காட்டுப் பகுதிகளில் திறந்த நெருப்புக்கு அனுமதி இல்லை, குளிர்காலத்தில் அங்குள்ள புல் ஒரு தீப்பொறிக்குக் காத்திருப்பது போலக் காய்ந்து கிடக்கும்.

காலை உணவுக்கு ஓட்ஸ் 70 கிராம், முழுக்கொழுப்புப் பால்பொடி 25 கிராம், பொடித்த வெல்லம் 20 கிராம், உலர்திராட்சை 15 கிராம் ஆகியவற்றை வீட்டிலேயே ஒரே பையில் கலந்து கட்டிவிடலாம். 130 கிராமில் ஏறத்தாழ 500 கலோரி கிடைக்கும். ஓட்ஸ் பிடிக்காதவர்கள் சத்துமாவுக் கஞ்சி செய்யலாம். ஆனால் மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துவிட்டுத்தான் கொதிநீரில் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் விடியற்காலைக் குளிரில் கட்டி உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். தேநீரில் தோய்த்துத் தின்ன ஒரு ரஸ்க் வைத்துக்கொள்வது இந்த நாட்டு வழக்கம். எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

மதியத்துக்கு அடுப்பை இறக்க வேண்டாம். முதல் இரண்டு நாளுக்கு வீட்டில் சுட்ட ரொட்டி தாங்கும். மாவில் சற்று எண்ணெய் கூட்டி, நன்றாக ஆறவிட்டுத் துணியில் சுற்றினால் குளிர்காலத்தில் மூன்றாம் நாள் வரைகூட வரும். சூட்டோடு பிளாஸ்டிக்கில் கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். அதன் பிறகு ப்ரோவிட்டா போன்ற கெட்டி பிஸ்கட். அதோடு கெட்டிச் சீஸ் 40 கிராமும், நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிய தக்காளித் தொக்கு அல்லது மாங்காய் ஊறுகாய் 20 கிராமும் போதும். ரொட்டியோ பிஸ்கட்டோ சேர்த்து இது 140 கிராம், ஏறத்தாழ 490 கலோரி.

இரவு உணவில்தான் நம் நாக்கு வீட்டைத் தேடுகிறது, எனவே கொஞ்சம் மெனக்கெடலாம். என் அனுபவத்தில் மூன்று வழிகள் நன்றாக அமைந்தன.

முதலாவது அவல். டர்பனின் மசாலாக் கடைகளில் கிடைக்கும் கெட்டி அவலில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் புளி அவல் தயார். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும் வரை வற்றக் காய்ச்சியிருந்தால் ஐந்து நாளும் கெடாது. கேஸ் தீர்ந்தாலும், குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து உண்ணலாம். எனவே ஒரு வேளை அவலைக் காப்பீடாக எப்போதும் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, வீட்டில் சமைத்து உலர்த்திய சோறும் பருப்பும். பருப்பை வீட்டில் குக்கரில் குழைய வேகவைத்து, உப்பும் மஞ்சளும் சீரகமும் சேர்த்து, எண்ணெயோ நெய்யோ விடாமல், தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, உலர்த்தும் பெட்டியில் அல்லது கதவு சற்றுத் திறந்த ஓவனில் 55 முதல் 60 டிகிரியில் எட்டுப் பத்து மணி நேரம் வைத்தால், அப்பளம் போல நொறுங்கும் தகடாகக் காயும். அதைக் கையால் பொடித்துப் பையில் அடைக்க வேண்டும். மலையில் கொதிநீர் ஊற்றினால் மீண்டும் பருப்புக் கடைசலாகும். எண்ணெய் சேர்க்காததற்குக் காரணம், எண்ணெய் காயாது என்பதோடு பையில் சிக்கு வாடையும் பிடிக்கும் என்பதே. நெய்யைத் தனியாகச் சுமந்து உண்ணும்போது விட வேண்டும். சாதத்தையும் இவ்வாறே உதிர் உதிராக வடித்து உலர்த்தலாம். ஒருவருக்கு உலர்ந்த சோறு 100 கிராம், உலர்ந்த பருப்பு 50 கிராம், நெய் 20 கிராம், சூப் பொடி 15 கிராம் என்றால் 185 கிராமில் ஏறத்தாழ 760 கலோரி வரும்.

மூன்றாவது சோயா மின்ஸ், அதாவது கொத்துக்கறி போன்ற உலர் சோயா. புரட்டாசியில் மரக்கறி உண்ணும் நம் வீடுகளில் இது ஏற்கெனவே புழங்கும் பொருள்தான். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை வரும் அந்த மாதம் மலையில் இளவேனில் பருவம். விரதம் இருக்கிறேன், அதனால் நடைக்கு வர முடியாது என்று சொல்பவர்களுக்கு என் பதில் இந்தப் பாக்கெட்டே. பில்டாங்குக்குப் பதில் தீனிப் பையில் வறுத்த கொண்டைக்கடலையும் கூடுதல் நிலக்கடலையும் சேர்த்துக்கொண்டால் புரதக் குறைவு வராது.

மீலி மீல் எனும் மக்காச்சோள மாவைப் பற்றி ஒரு வார்த்தை. சுலு மக்கள் உதிரியாகக் கிண்டும் மக்காச்சோளமாவு உணவுக்கு ‘புத்து’ என்று பெயர். நம் காதில் அது புட்டு என்றே விழும், உண்பதற்கும் புட்டின் உறவினர் போலவே இருக்கும். வீட்டில் புளித்த மோரோடு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அரை மணி நேரம் அடுப்பில் கிளற வேண்டியதை மலைக்குத் தூக்கக் கூடாது. உடனடிக் கஞ்சி வகையை மட்டும் கொண்டுபோங்கள்.

உருளைக்கிழங்கு, வெங்காயம், டின் மீன் மூன்றும் பெரும்பாலும் தண்ணீர். டின்னில் தகரமும் சேர்ந்து வரும், காலியானதையும் திரும்பச் சுமக்க வேண்டும். இவற்றை வீட்டில் விடுங்கள். ஆனால் ஆறு பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, ஒரு எலுமிச்சை ஆகியவற்றுக்கு நான் விலக்கு அளிக்கிறேன். எல்லாம் சேர்ந்து 150 கிராம்கூட வராது. நான்காம் இரவின் உலர் சாப்பாட்டை உயிர்ப்பிக்கும் சக்தி அவற்றுக்கு உண்டு. பச்சை மிளகாய் இல்லாமல் ஐந்து நாள் இருக்கக்கூடியவர் நம்மவர்தானா என்பதும் எனக்குச் சந்தேகமே.

நெய் சம்பந்தமாக ஒரு சிறு எச்சரிக்கை. ஜூலை மாதக் காலையில் புல்லெல்லாம் வெண்பனி பூத்துக் கிடக்கும்போது, குறுகிய வாயுள்ள பாட்டிலில் இருக்கும் நெய் மெழுகாக உறைந்துவிடும், தேங்காயெண்ணெயும் அப்படியே. ஒருமுறை கூடாரக் கம்பியை விட்டுக் குடைந்தும் ஒரு சொட்டு வரவில்லை. கரண்டி நுழையும் அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், மூடிக்கு மேல் ஒரு ஜிப் பையும் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

முதல் நாளும் மற்ற நாள்களும் ஒன்றல்ல

“கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு?” என்ற பழமொழிக்கு மலையில் திட்டமான விடை உண்டு: கட்டுச்சோறு ஒரு நாளைக்கு, அதுவும் மதியம் வரை. விடியற்காலையில் கிளறி ஆறவைத்த புளியோதரையும் இரண்டு அவித்த முட்டையும் வாழையிலையில் கட்டி முதல் நாள் மதியத்தில் உண்பது பெரிய இன்பம்; அதை அனுபவியுங்கள். மிச்சத்தை இரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். வெந்த சோறு வெதுவெதுப்பில் பல மணி நேரம் கிடந்தால் அதில் பெருகும் கிருமியின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. தயிர்சாதத்தை எடுத்துச் செல்லவே வேண்டாம். வாழையிலையையும் புதரில் எறியாமல் குப்பைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆரஞ்சுத் தோலும் முட்டை ஓடும் அங்கே மாதக்கணக்கில் மக்காமல் கிடக்கின்றன.

பசியும் நாளுக்கு நாள் மாறும். முதல் நாளும் இரண்டாம் நாளும் பரபரப்பாலும் களைப்பாலும் பலருக்குச் சாப்பாடு இறங்காது. மூன்றாம் நாளிலிருந்து பசி திறந்துகொள்ளும். எனவே ஐந்து நாளுக்கும் ஒரே எடையாகக் கட்டாமல், முதல் இரண்டு நாள் தீனியில் ஆளுக்கு 30 கிராம் குறைத்து அதை நான்காம், ஐந்தாம் நாளில் சேர்க்கிறேன்.

எடையைக் கூட்டிப் பார்த்தல்

5 நாள், 4 இரவு என்றால் காலை உணவும் இரவு உணவும் நான்கு நான்கு. தீனியும் மதிய உணவும் ஐந்து ஐந்து. தீனி 1,400 கிராம், மதியம் 700, காலை 520, இரவு 740, தேநீருக்கான சர்க்கரையும் பால்பொடியும் நாளுக்கு 50 வீதம் 250. மொத்தம் 3,610 கிராம். ஆறு பெருக்கெடுத்தோ மூடுபனி சூழ்ந்தோ ஒரு இரவு கூடுதலாகத் தங்க நேர்ந்தால் உதவ, அவலும் கடலையுமாக 400 கிராம் சேர்த்தால் 4 கிலோ. என் முதல் பயணத்தில் 9 கிலோ தூக்கினேன். கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. ஓடைகள் அரை மணி நேரத்தில் நுரைத்து ஓடும் அந்தப் பருவத்தில் கூடுதல் உணவை விட்டுவிட வேண்டாம்.

கேஸ் கணக்கு எளியது. தண்ணீர் கொதிக்கவைப்பது மட்டுமே வேலை என்றால், 230 கிராம் டப்பா ஒன்று இரண்டு பேருக்கு நான்கு நாள் வரும், காற்றடித்தால் குறையும். ஐந்து நாள் பயணத்துக்குச் சிறிய டப்பா ஒன்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். உறைபனி இரவில் டப்பாவைத் தூக்கப் பைக்குள் உங்களோடு வைத்துக்கொண்டால்தான் காலையில் அடுப்பு ஒழுங்காகப் பற்றும்.

தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சமையல் உட்பட 3 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். தெற்கு டிராக்கன்ஸ்பெர்க்கில் ஓடைகள் நிறைய உண்டு. எனினும் மாடுகள் மேயும் இடத்துக்கோ குடியிருப்புக்கோ கீழே வரும் நீரைச் சுத்திகரிக்காமல் குடிக்க வேண்டாம். கொதிக்கவைப்பதானால், நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தலைதட்டிய தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மேலே சொன்ன அளவுகளை அப்படியே பின்பற்றக் கூடாது. நாள் முழுவதும் நடப்பது சர்க்கரையை எதிர்பாராமல் இறக்கிவிடும். மருந்தளவை எப்படி மாற்றுவது என்று கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், குளுக்கோஸ் மாத்திரையைத் தம்மிடமும் உடன் நடப்பவரிடமும் வைத்திருக்க வேண்டும்.

காக்கையும் குரங்கும்

பபூன் குரங்குகளைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். கழுத்தில் வெள்ளைப் பட்டை உள்ள பெரிய மலைக்காக்கையைப் பற்றிச் சொல்பவர் குறைவு. ஒருநாள் மதியம் முதுகுப்பைகளைப் பாறைமேல் சாய்த்துவிட்டு ஓடையில் கால் நனைக்கப் போனோம். முப்பது அடி தூரம்கூட இருக்காது. திரும்பிப் பார்த்தால் காக்கை ஒன்று மேல் பாக்கெட்டின் ஜிப் இழுப்பியை அலகால் கவ்விப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஓடிச் சேர்வதற்குள் எள்ளுருண்டைப் பையோடு பறந்துவிட்டது. அதிலிருந்து ஜிப்புகள் இரண்டையும் சிறு கொக்கியால் கோத்து வைக்கிறோம், பையின் பக்கத்தில் ஒருவராவது இருக்கிறோம். தங்கும் குடிசையில் ஜன்னலைத் திறந்து வைத்து வெளியே போக வேண்டாம். இரவில் கூடாரத்துக்கு வெளியே உணவை வைத்தால் நரி இழுத்துப் போகும்.

வீட்டிலேயே ஒரு ஒத்திகை

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை, ஒரு நாள் தீனிப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு, சுமையோடு ஐந்தாறு மணி நேரம் நடந்து பாருங்கள். டர்பன்காரர்களுக்கு க்ரான்ஸ்க்ளூஃப் காப்பகத்தின் பள்ளத்தாக்குப் பாதைகள் இதற்கு நல்ல இடம். இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும் என்பதால் பசி ஒளிந்துகொள்ளாது. எது முதலில் தீர்ந்தது, எதை எடுக்கவே கை போகவில்லை என்று கவனியுங்கள். அன்று மாலை கொல்லைப்புறத்தில் கேஸ் அடுப்பை வைத்து, கொதிநீர் ஊற்றி, உலர் பருப்பும் சோறும் எத்தனை நிமிடத்தில் மிருதுவாகின்றன என்று கடிகாரம் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். டர்பனில் பத்து நிமிடம் ஆனால் மலையில் பதினைந்து என்று கொள்ளுங்கள். பானையைத் துண்டில் சுற்றி வைத்தால் அந்த ஐந்து நிமிடத்துக்குக் கேஸ் செலவில்லை.

ஜயண்ட்ஸ் கப்பை முடித்தவர்கள் பலர் அடுத்துக் கனவு காண்பது வடக்கிலுள்ள சென்டினல் சிகரப் பகுதியிலிருந்து புஷ்மன்ஸ் நெக் வரை உச்சி விளிம்பிலேயே ஏறத்தாழ 220 கிலோமீட்டர் செல்லும் பெருநடையை. 12 நாளாவது வேண்டும். நாளுக்கு 800 கிராம் என்றாலும் 10 கிலோவுக்கு அருகில் வருகிறது, பிந்தைய நாள்களின் பசிக்கு அதுவும் போதாது. அதற்கு எடைக்கேற்ற கலோரியைக் கூட்ட வேண்டும்: ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி, கொழுப்பில் 9. ஓட்ஸைச் சிறிது குறைத்துக் கொப்பரையும் நெய்யும் கடலையும் எள்ளும் கூட்டினால் அதே 800 கிராமில் 3,800 கலோரி வரை ஏற்றலாம். சானி கணவாயின் உச்சியில் இரண்டாம் பாதிக்கான உணவுப் பொட்டலத்தை முன்னேற்பாடாக வாங்கிக்கொள்வதும் பலர் செய்வது.

திரும்பி வந்ததும் பையைக் கவிழ்த்து, மிஞ்சியவற்றைத் தராசில் வைத்து எழுதிவைப்பது என் வழக்கம். சென்ற ஜூன் பயணத்துக்கு நேரே குறிப்பேட்டில் இருப்பது: ஓட்ஸ் 190 கிராம், சீஸ் 60, பேரீச்சை 40, அவசர அவல் தொடவில்லை, முறுக்கு மூன்றாம் நாளே தீர்ந்தது, அடுத்த முறை நாளுக்கு 60.